அப்பாவின் இருமலுக்கு மருந்து அனுப்பாதே

சாமி,

நீ கொடுத்தனுப்பிய மருந்துப் புட்டி புதுச்சத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பால்காரர் கையில் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. இந்தச் சண்டைக்காலத்துக் கரிவாயு பஸ்ஸில் வந்ததால் புட்டியின் கழுத்தெல்லாம் கரி. துடைத்து மாடத்தில் வைத்திருக்கிறேன். வேளைக்கு ஒரு கரண்டி வெந்நீரில் கலந்து கொடுக்கச் சொல்லிச் சீட்டும் வைத்திருந்தாய். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இனிமேல் அனுப்பாதே. உன் அப்பாவுக்கு இருமல் இல்லை. அவருக்கு என்றைக்குமே இருமல் இருந்ததில்லை. அது என்ன கதை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதையெல்லாம் நேரில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நீ உட்கார்ந்தால்தானே சொல்வதற்கு? வந்ததும் தண்ணீர் குடிப்பாய், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாய், "காட்டுப்பக்கம் போய்ட்டு வாரேன்" என்பாய். சாப்பிட உட்கார்ந்தால் கை காயுமுன்னே எழுந்துவிடுவாய். உன் அப்பா உன்னிடம் ஏதோ கேட்க ஆரம்பித்திருப்பார், நீ தலையைச் சொறிந்துகொண்டே பின்னால் நகர்வாய். எதற்கென்று தெரியாத அளவுக்கு நான் மண்டு இல்லை. உன் சட்டையைத் துவைக்கிறவள் நான். பையில் நெருப்புப் பொத்தல் இருந்தால் அதைத் தைக்கிறவளும் நான்தான். என் அப்பா மல்லசமுத்திரத்தில் வாத்தியாராக இருந்த புண்ணியத்தில் நாலு எழுத்து எழுதத் தெரியும். மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை என்பதால் பகலிலேயே, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு, அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எழுதுகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் இதை நீ தெரிந்துகொண்டாக வேண்டும்.

ஆனியில் உன் நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் வந்த நாளை நினைத்துப் பார். சித்திரையில் கிணற்றுப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு போனதிலிருந்து, வேப்பமரத்தடிக் கட்டில்தான் உன் அப்பாவுக்கு வீடும் காடும். எலும்பு கட்டுகிறவரும் கட்டிக் கட்டிப் பார்த்துவிட்டு, இனிக் கோல் ஊன்றி நடப்பதும் கஷ்டம்தான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவரைச் சலவை வேட்டியும் துண்டுமாகச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். தாம்பூலம் மாற்றி முடிந்து எல்லோரும் இலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த நேரம், மாப்பிள்ளையைக் காணோம். உன் வருங்கால மாமனார் நல்ல குடியானவர், சும்மா உட்காரத் தெரியாது. "எருதுக மேச்சேரிச் சந்தையிலயா புடிச்சீங்க? ஒரு பார்வை பாத்துட்டு வாரனுங்க" என்று எழுந்து, சோளத்தட்டுப் போர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். போருக்குப் பின்னால் நீ நின்றுகொண்டிருந்தாய். என்ன செய்துகொண்டு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தட்டுப்போருக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்துக்கொள்ளும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று தனியாக ஒரு நாள் கேட்கிறேன். அப்போதுதான் உன் அப்பா இரும ஆரம்பித்தார்.

அது என்ன இருமல்! கட்டில் கயிறு அதிர, கண்ணில் நீர் வர, இழுத்து இழுத்து இருமினார். மாமனார் பதறித் திரும்பி ஓடி வந்தார். ஆளுக்கொரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நீயும் போரின் மறுபக்கமாகச் சுற்றி, வாயில் என்னமோ மென்றுகொண்டு, "அப்பாவுக்கு என்னம்மா?" என்று ஓடி வந்தாய். உன் தலையைப் பார்த்ததும் இருமல் பட்டென்று நின்றது. அதை நீ கவனிக்கவில்லை. பெண்ணின் அம்மா கவனித்தார், ஆனால் வேறு விதமாக. என்னைச் சமையல்கட்டுக்குள் அழைத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க. சம்மந்திக்கு நெஞ்சுல ஏதாச்சும் சீக்குங்களா? பொண்ணக் குடுக்கற எடம், அதான் கேட்டுப்போட்டனுங்க" என்றார். மார்ச்சளிச் சீக்கு இருக்கிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மொளகா தாளிச்ச நெடி ஏறிப்போச்சு" என்று சொல்லி, அன்றைக்குத் தாளிக்கவே தாளிக்காத மிளகாயின் மேல் பழியைப் போட்டேன். நல்ல மனுஷி, நம்பிவிட்டார். நீயோ இருமலை நம்பி மருந்து வாங்கி அனுப்பியிருக்கிறாய்.

இது இன்றைக்கு நேற்றைய இருமல் இல்லை, சாமி. நீ சேலத்தில் பஸ் கம்பெனி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் தீபாவளிக்கு வந்தாயே, அன்றிலிருந்தே இருமுகிறார். நீ கிணற்று மேட்டில் நின்றால் வாய்க்கால் திரும்பும்போதே இருமுவார். நீ மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்தால் படலைத் திறக்குமுன் இருமுவார். நீ அதைத் தூக்கிப் போட்டு மிதித்து, வாயைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டுமல்லவா? அதற்காகச் சில சமயம் குனிந்து, காலில் குத்தாத முள்ளை நின்று பிடுங்குவார். ஒரு தடவை நானே கேட்டேன். "ஏனுங்க, பெத்த பையன். ஒரு வார்த்த கண்டிச்சாத்தான் என்னங்க?" அதற்கு அவர், "நாங் கண்ணால பாத்துப்போட்டா அவன் எம் மொகத்த எப்படிப் பாப்பான்? பாக்காத வரைக்கும் ரெண்டு பேருக்கும் மரியாத" என்றார். நம் ஆட்களின் மரியாதை இப்படித்தான் இருக்கிறது. பீடியோ சிகரெட்டோ குடிப்பது தப்பில்லையாம், பெரியவர் பார்க்கும்படி குடிப்பதுதான் தப்பாம். இந்தக் கண்ணாமூச்சியை ஆண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறீர்கள். பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

உன் அப்பாவும் ஆடியவர்தான். அந்தக் காலத்தில் அவர் காதில் பீடி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைத்தாலும் பீடி, இறைத்து முடித்தாலும் பீடி. என் மாமனார், உன் அப்பாரு, தலை தெரிந்தால் மட்டும் அது எங்கே போகும் என்றே தெரியாது. அவருடைய வலது உள்ளங்கையில் ஒரு வடு உண்டு. சின்ன வயதில் நீ கேட்டதற்குக் கவலைக்கயிறு அறுத்தது என்று சொன்னார். கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு நாள் களத்தில் அப்பாரு எதிரே வந்து நின்று விளைச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட, எரிகிற பீடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, பேச்சு முடிகிறவரை "ஆமாங்க, ஆமாங்க" என்று நின்றிருக்கிறார். அன்றைக்கு நான் வெண்ணெய் தடவிவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை.

அப்பாரு கடைசியாகப் படுத்தபோது உன் அப்பாதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். கால் பிடிப்பார், கஞ்சி ஊற்றுவார், நடுநடுவே எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போவார். அப்படி ஒரு தடவை எழுந்து போயிருந்தபோது அப்பாரு கண்ணைத் திறந்து, "பெரியவன் எங்கீ? ஒரு சங்கதி சொல்லோணும்" என்றார். நான்தான் கூப்பிட ஓடினேன். அவர் வாயைக் கொப்பளித்து, துண்டால் துடைத்து, வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வந்து சேர்வதற்குள் அப்பாருவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதன் பிறகும் சில நாள் உயிர் இருந்தது, பேச்சு மட்டும் திரும்பவே இல்லை. அந்தச் சங்கதி என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. காட்டைப் பற்றியா, உன்னைப் பற்றியா, வெறுமனே ஒரு வாய் தண்ணீருக்கா. உன் அப்பா இதை என்னிடம்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் நடு ராத்திரியில் குறி சொல்ல வருகிற சாமக் கோடங்கி வாசலில் வந்து நின்று அப்பாரு பேரைச் சொன்னாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.

அதற்கப்புறமாவது பீடியை விட்டாரா என்றால், இல்லை. துக்கத்தில் இன்னும் கூடிற்று. அதை மறைத்து உன் அப்பாவை உத்தமராக்கி எழுத எனக்கு மனமில்லை. அவர் விட்டது மாரியம்மன் நோன்பில், அதுவும் ஊர்ச்சண்டையின் தயவில். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம். வருடா வருடம் பூச்சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டதும், தீ மிதிக்கிறவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு கையில் இருக்கிறவரை கவிச்சி இல்லை, பீடி இல்லை. நோன்பு முடிந்து கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்ட பிறகுதான் பூசாரி காப்பை அவிழ்ப்பார். அவிழ்த்த கையோடு ஆண்பிள்ளைகள் கோயில் மதிலோரம் போய் ஊதுகிற புகையில் அம்மனுக்கே கண் எரிந்திருக்கும். அந்த வருடம் பார், சாமி ஊர்வலம் முதலில் மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று வாய்த்தகராறு வந்து, கைகலப்பாகி, நோன்பு பாதியில் நின்றுபோயிற்று. கம்பம் நட்டபடியே நின்றது. கம்பம் எடுக்காமல் காப்பு அவிழ்க்கமாட்டேன் என்று பூசாரி தன் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு மாதம் வரை எல்லோரும் பொறுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தர் காப்பாகத் தானாகக் காணாமல் போக ஆரம்பித்தது. "குளிக்கறப்ப அவுந்துபோச்சுங்க" என்பார் ஒருத்தர். "எருது கொம்புல மாட்டி அந்துபோச்சு" என்பார் இன்னொருத்தர். உன் அப்பா காப்பு மட்டும் அவிழவும் இல்லை, அறவும் இல்லை. அந்த மாதங்களில் நான் பட்ட பாடு! எருதைத் திட்டுவார், ஏரைத் திட்டுவார், உப்பு சரியாக இருக்கிற குழம்பில் உப்பில்லை என்பார். வேப்பங்குச்சியாக மென்று மென்று வாசல் மரத்தில் எட்டுகிற கிளையெல்லாம் மொட்டையாயிற்று. தாங்க முடியாமல் ஒரு சந்தை நாளில் நானே ஒரு கட்டுப் பீடி வாங்கி வந்து சோற்றுவட்டல் பக்கத்தில் வைத்தேன். "ஊருல ஒருத்தங் கையிலயும் காப்பு இல்ல. அத்து வீசிப்போட்டு இதக் குடிச்சுத் தொலைங்க, எங்களுக்காச்சும் நிம்மதியா இருக்கும்" என்றேன். பெண்டாட்டியே பீடி வாங்கிக் கொடுத்த வீடு இந்த ஜில்லாவில் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். அவர் கட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். வெகுநேரம் முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கமே தள்ளிவிட்டு, "கட்டுன மாரியாத்தாளே அவிழ்க்கட்டும், புள்ள" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார்.

மறு வருடம் ஊர் ஒன்றுகூடி, இரண்டு தெருவுக்கும் பொதுவாகப் பாதை பேசி, நின்ற நோன்பை முடித்தார்கள். கம்பம் எடுத்தார்கள். நூலாய் நைந்து கறுத்துப்போயிருந்த அந்தக் காப்பைப் பூசாரி அவிழ்த்தார். கூட்டாளிகள் பீடியைப் பற்றவைத்தே நீட்டினார்கள். வாங்கி ஒரு இழுப்பு இழுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என்னமோ யோசித்துவிட்டு, அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து வெறுங்கையைத் தடவிக்கொண்டே, "ஏம்புள்ள, மஞ்சக்கயிறு இருந்தா ஒண்ணு கட்டியுடு" என்றார். நோன்பும் இல்லை, பூசாரியும் இல்லை. நான் கட்டினேன். அது அறுந்தால் இன்னொன்று. ஐந்தாறு வருடம் அப்படிப் போயிற்று. அப்புறம் கயிறு கேட்பதை நிறுத்திவிட்டார். அவரால் முடிந்தது உன்னாலும் முடியும் என்று சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் அது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

உன் விஷயத்தில் என் பங்கும் உண்டு. நீ முதல் தடவை அந்தத் தகர டப்பாவோடு வந்தபோது நான் கோபப்படவில்லை. வெள்ளை வெளேரென்று வரிசையாக அடுக்கியிருந்ததைத் திறந்து பார்த்து, பீடி இல்லை, சிகரெட்டு என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். "உம் பையன் தொரை மாதிரி இருக்கறான்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும் எனக்குக் காது குளிர்ந்தது. சிகரெட்டு குடித்தால் சளி கரையும் என்று டாக்டரே சொன்னாராம் என்று நீ அளந்ததையும் கேட்டுக்கொண்டேன். நாமக்கல்லில் நான் பார்த்த டாக்டரும் ஒரு கையில் நாடியும் மறு கையில் சிகரெட்டுமாகத்தான் இருந்தார். பீடியானால் என்ன, சிகரெட்டானால் என்ன, என் பிள்ளையை வீட்டைவிட்டு எழுப்பிக்கொண்டு போவது இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இனி நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். நீ நிச்சயம் முடிந்து அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிப்போனாய். அப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தவன் கட்டிலில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே "வாரனுங்க" என்றாய். ஆடி பிறந்து காற்று எடுத்த ஒரு நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, ஆளக் கூப்புட்டு இந்தக் கட்டல மரத்துக்கு மேக்கால போடச் சொல்லு."

"எதுக்குங்க? மேக்கால வெயிலல்ல?"

"வெயிலுக் கெடக்குது. காத்து மேக்க இருந்து அடிக்குது. பையன் வந்தா கெழக்கால உக்காந்துக்கிட்டும். அவங் குடிக்கற பொக எம் பக்கம் வராது."

"உங்க முன்னாலயா? என்னங்க பேசறீங்க?" என்றேன்.

"முன்னாலதான். இனி என்னால எந்திரிச்சுப் போயி அவனுக்கு மறைவு குடுக்க முடியாது. எத்தன நாளைக்கு இருமறது? ஒளிஞ்சு குடிக்கத்தான ஓடறான். இங்கயே குடிச்சாச் சித்த நேரம் உக்காந்திருப்பான்."

"பொக வந்தா உங்களுக்கு என்னங்க? நெஞ்சு நல்லாத்தான இருக்குது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நெஞ்சு இல்ல புள்ள. நாக்குத் தேடுது. இன்னமும்" என்றார்.

அதைக் கேட்டு நான் கொட்டகைக்குள் போய் நின்று அழுதேன். எந்த மரியாதைக்காகக் கையைச் சுட்டுக்கொண்டாரோ, எந்த மரியாதைக்காக இத்தனை வருடம் பொய்யாக இருமினாரோ, அதை உனக்காக விட்டுக்கொடுக்கிறார். நீ கூச்சப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. அவர் உன்னிடம் என்ன பேச நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அப்பாரு சொல்லாமல் போன சங்கதி மாதிரி இதுவும் ஆகிவிடக்கூடாது என்று எனக்குப் பயமாக இருக்கிறது, சாமி. அவ்வளவுதான். அவர் மேலுக்குத் தெம்பாகத்தான் இருக்கிறார். ஆனால் படுத்த மனிதர். கல்யாணம் முடிந்தால் நீ பெண்டாட்டியோடு சேலத்துக்குப் போய்விடுவாய், வருகிற வழியும் குறையும்.

ஆகவே ஆவணிக்கு முன்னால் ஒரு தடவை லீவு போட்டுவிட்டு வா. விட்டுவிட்டு வந்தால் எனக்குச் சந்தோஷம். விட முடியாமல் வந்தாலும் வா, வந்து உட்கார். நாக்குத் தேடினால் அவரிடமே கேள், எப்படிப் பொறுத்தீர்கள் என்று. அதைச் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை. கல்யாணத்தில் உன் கையிலும் காப்புக் கட்டுவார்கள். அது அவிழ்ந்த பிறகு உனக்கும் ஒரு மஞ்சள்கயிறு வேண்டுமென்றால் கட்டிவிட நான் இருக்கிறேன், நாளைக்கு உன் பெண்டாட்டியும் இருப்பாள்.

இன்னொன்று. கட்டிலை மேற்கே போடச் சொன்ன அன்றே, நீ சாம்பல் தட்ட ஒரு கொட்டாங்குச்சி வேண்டும் என்று கேட்டு வாங்கி, உட்கார்ந்தபடியே ஓட்டுச்சில்லால் நாரெல்லாம் சுரண்டி வழவழப்பாக்கி, கிழக்குப் பக்கம் வைத்திருக்கிறார். நேற்று வெயிலில் கோழிக்குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு திரிந்தன. கைக்கு அகப்பட்டது என்று அதில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம். "அதுல ஊத்தாத! அது பையனுது" என்று சத்தம் போட்டு, தண்ணீரைக் கொட்டச் செய்து, தன் துண்டாலேயே துடைத்து, பழைய இடத்தில் வைக்கச் சொன்னார். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீயே வந்து, அவர் பார்க்கும்படி, உன் கையாலேயே அதில் தண்ணீர் ஊற்றிக் கோழிக்கு வைத்துவிடு, சாமி.

உன் வரவைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா